முழுதாக விழுங்க வேண்டிய கேப்சூல்: பெருங்குடல் அழற்சி நோயாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

(நோயாளியின் ஒப்புதலோடு எழுதப்பட்டது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பின்னணி

நாற்பது வயதைத் தாண்டிய பெண். மேற்கு மாவட்டம் ஒன்றில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் இரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதலில் மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்திருக்கிறார். பிறகு கொலனோஸ்கோப்பியும் (பெருங்குடலுக்குள் கருவி விட்டுப் பார்ப்பது) திசுப் பரிசோதனையும் செய்ததில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது புண்ணோடு கூடிய பெருங்குடல் அழற்சி, என்று உறுதியானது. அழற்சி மலக்குடலில் தொடங்கி இடப்பக்கப் பெருங்குடலோடு நின்றிருந்தது. அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பெரிய தொந்தரவு எதுவும் இல்லாமல் இருந்தார்.

கடந்த ஓராண்டாக மெசலமைனுடன் ஒரு புரோபயாடிக் கேப்சூலும் சாப்பிட்டு வந்தார். "குடலுக்கு நல்லது" என்று உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில் மருந்துக்கடையில் தானே வாங்கியது. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள் சேர்ந்து ஒரு கேப்சூலுக்கு 500 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் என்றும், இரைப்பையில் கரையாத பூச்சு கொண்டது என்றும் அட்டையில் அச்சிட்டிருந்தது.

எங்களிடம் வருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு இரத்தப்போக்கு திரும்பியது. உள்ளூரில் மெசலமைனின் அளவைக் கூட்டினார்கள், பலனில்லை. "மெசலமைனுக்குக் கட்டுப்படவில்லை, அடுத்த கட்ட சிகிச்சைக்கு" என்ற குறிப்போடு எங்கள் குடல்நோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார்.

முதல் வருகையில் கண்டவை

நாளுக்கு ஐந்தாறு முறை மலம், பெரும்பாலும் இரத்தத்தோடு. அடக்க முடியாத அவசரம், அதனால் வெளியூர்ப் பயணத்தையே விட்டிருந்தார். காய்ச்சல் இல்லை, நாடித் துடிப்பு இயல்பு, வயிறு மென்மையாக இருந்தது. ஹீமோகுளோபின் பத்துக்குச் சற்றுக் கீழே. குடல் அழற்சியைக் காட்டும் புரதமான கால்ப்ரோடெக்டின் மலத்தில் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது; அழற்சி உண்மையிலேயே திரும்பியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

நம் ஊரில் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. அமீபா, பாக்டீரியாத் தொற்று, ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வரும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற குடல் தொற்று ஆகியவை இதே தோற்றத்தில் வரும். இருக்கும் நோயின் மேலேயே வந்து உட்காரவும் செய்யும். அவை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே சிக்மாய்டோஸ்கோப்பி (பெருங்குடலின் கீழ்ப்பகுதியை மட்டும் கருவி விட்டுப் பார்ப்பது) செய்தோம். இடப்பக்கக் குடலின் உட்சுவர் சிவந்து, இரத்தக்குழாய்களின் கோலம் மறைந்து, கருவி பட்ட இடத்தில் இரத்தம் கசிந்தது. ஆங்காங்கே மேலோட்டமான புண்கள். அழற்சியின் தீவிரத்தைக் குறிக்கும் மேயோ அளவுகோலில் 2. அழற்சியை மோசமாக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ் திசுவில் இல்லை. மிதமான தீவிரமுள்ள மறுதாக்குதல் என்று பதிவு செய்தோம்.

அனுப்பியவரின் குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் அடுத்த படி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அதற்கும் அடுத்து, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசத்தயோபிரின், உயிரியல் மருந்துகள். "மெசலமைனுக்குக் கட்டுப்படவில்லை" என்ற மூன்று சொல்லுக்கும் குறைவான தீர்ப்பு ஒருவரை இத்தனை தூரம் கொண்டுபோய்விடும். அதனால் அந்த முடிவுக்கு முன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், இருக்கிற கோலத்திலேயே, பையில் போட்டு எடுத்து வரச் சொல்வோம். எங்கள் மருந்தாளுநர் அவற்றை மேசையில் பரப்பி ஒவ்வொன்றையும் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பார்.

எவர்சில்வர் டப்பா

பையில் இருந்து மருந்து அட்டைகளோடு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவும் வந்தது. திறந்தால் உள்ளே மெசலமைன் மாத்திரைகள், எல்லாமே பாதிப் பாதியாக. வெட்டுப்பட்ட பக்கத்தில் வெளிறிய மருந்துத்தூளும், அதைச் சுற்றிச் செம்பழுப்பில் ஒரு மெல்லிய விளிம்பும் தெளிவாகத் தெரிந்தன. டப்பாவின் அடியில் உதிர்ந்த தூள்.

"இதை யாரும்மா நறுக்குனது?"

"நாந்தானுங்க மேடம். ஒருக்கா தொண்டைல சிக்கி மூச்சே நின்னு போன மாதிரி ஆயிடுச்சுங்க. அதுல இருந்து முழுசா முழுங்கப் பயம். அருவாமனைல ரெண்டா போட்டுக்குவேன்."

"அப்ப இந்த கேப்சூல்?"

"அதத் திறந்து பால்ல கொட்டிக் கலக்கிருவனுங்க. சூடாக் குடிச்சா வயித்துக்கு எதமா இருக்குமுங்க."

மாத்திரை தொண்டையில் சிக்கியது எட்டு மாதங்களுக்கு முன்பு. இரத்தப்போக்கு திரும்பியது அதற்கு நான்கு மாதங்கள் கழித்து. இடையில் மருத்துவர்கள் "மாத்திரை தவறாம சாப்பிடுறீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார்கள். அவரும் உண்மையாகவே "ஆமா" என்று சொல்லியிருக்கிறார். ஒருவேளை கூடத் தவறவில்லை. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விதான் வரவில்லை.

பூச்சு என்ன செய்கிறது

அந்தச் செம்பழுப்பு விளிம்பு அழகுக்காகப் பூசப்பட்டதல்ல. மெசலமைன் குடலின் உட்சுவரில் நேராகப் பட்டு வேலை செய்யும் மருந்து. பூச்சில்லாமல் விழுங்கினால் சிறுகுடலின் மேற்பகுதியே பெரும்பங்கை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்பிவிடும். அது சிறுநீரில் வெளியேறும். புண் இருக்கிற இடப்பக்கப் பெருங்குடலுக்குச் சொற்பமே போய்ச்சேரும். இவர் சாப்பிட்ட வகை மாத்திரையின் மேல் இருப்பது பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 7க்கு மேல் மட்டுமே கரையும் பாலிமர். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அந்த நிலை வரும். இரண்டாக நறுக்கினால் வெட்டுவாய் வழியே தண்ணீர் புகுந்து, இரைப்பையிலேயே மருந்து கரையத் தொடங்கிவிடும்.

புரோபயாடிக் கேப்சூலின் பூச்சு வேறு வேலைக்கானது. வெறும் வயிற்றில் இரைப்பையின் பிஹெச் 1 முதல் 2 வரை இருக்கும். லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகளில் பலவும் அதில் தாக்குப்பிடிப்பதில்லை. அதைக் கடந்தாலும் முன்சிறுகுடலில் பித்த உப்புகள் காத்திருக்கின்றன. குடலில் கரையும் வழக்கமான பூச்சுகள் பிஹெச் 5.5 அல்லது 6இல் கரைபவை. ஆகவே அவை அமிலத்திலிருந்து காக்கும், பித்தத்திலிருந்து முழுதாகக் காக்காது. இவர் விஷயத்தில் அந்தப் பாதிக் காப்பும் இல்லை. கூடவே சூடான பால்: கை பொறுக்காத சூட்டில் இந்த வகை பாக்டீரியாக்கள் டம்ளரிலேயே செத்துவிடும். ஆறிய பாலாக இருந்திருந்தால் கதை கொஞ்சம் வேறு. பாலும் உணவும் அமிலத்தைத் தணிப்பதால், சிறிது கொழுப்புள்ள உணவோடு சேர்த்துக் கொடுத்தால் நுண்ணுயிர்கள் கூடுதலாகப் பிழைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

இதை வாயால் சொன்னால் மனதில் நிற்காது என்று மருந்தாளுநர் இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துவைத்தார். ஒன்றில் வினிகர், மற்றதில் ஆப்பசோடா கரைத்த தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு முழுக் கேப்சூல். மூன்றாவதாக ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் நறுக்கிய பாதி மாத்திரை. பாதி மாத்திரையின் வெட்டுவாயிலிருந்து கொஞ்ச நேரத்திலேயே தூள் உதிர்ந்து அடியில் படிந்தது. பூச்சு மட்டும் காலியான ஓடு போல நின்றது. அரைமணி நேரத்தில் ஆப்பசோடாத் தண்ணீரில் கிடந்த கேப்சூல் தளர்ந்து வாய் பிளந்தது. வினிகரில் கிடந்தது போட்டபடியே இருந்தது. அந்தப் பெண் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப இத்தன நாளும் மருந்து வயித்தோட நின்னு போச்சுங்களா?" என்று கேட்டார்.

இது தரப் பரிசோதனை அல்ல. இந்திய மருந்தியல் நூலின்படி இத்தகைய பூச்சை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மணி நேரம், பிறகு பிஹெச் 6.8 கரைசலில் ஒரு மணி நேரம் வைத்துச் சோதிப்பார்கள். ஆனால் நோயாளிக்கு விளங்க வைக்க அந்த மூன்று டம்ளர்கள் போதுமாக இருந்தன.

எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள்

முதல் முடிவு, ஸ்டீராய்டைத் தள்ளிப்போட்டது. நோய் மிதமானது, உடல்நிலை நிலையாக இருக்கிறது, மருந்து பயனற்றது என்பதற்கு உண்மையான சான்று இல்லை. புண்ணுக்குப் போய்ச்சேராத மருந்தைத் தோற்ற மருந்தாகக் கணக்கில் எழுதக் கூடாது. இரண்டு வாரத்தில் இரத்தப்போக்கு குறையாவிட்டால் ஸ்டீராய்டு என்று தேதி குறித்தோம். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, நாளுக்கு ஆறுக்கு மேல் இரத்தமலம் என்றால் தேதிக்குக் காத்திருக்காமல் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

இரண்டாவது, மெசலமைனின் வடிவத்தை மாற்றியது. மாத்திரைக்குப் பதிலாகச் சிறுமணிகளாக வரும் பாக்கெட். ஒவ்வொரு மணியும் தனித்தனியே பூச்சுக் கொண்டது. மெல்லாமல் நாக்கில் கொட்டித் தண்ணீரோடு விழுங்கிவிடலாம். இதில் நறுக்க எதுவும் இல்லை. அதோடு இரவில் மெசலமைன் எனிமா (ஆசனவாய் வழியே செலுத்தும் மருந்து). இடப்பக்க நோய்க்கு வாய்வழி மருந்தையும் எனிமாவையும் சேர்த்துக் கொடுப்பது தனியே ஒன்றைக் கொடுப்பதைவிட மேல் என்பது நன்கு நிறுவப்பட்டது. எனிமாவுக்கு அவர் முதலில் தயங்கினார். பூச்சு எதையும் நம்பியிராமல் மருந்து நேரே புண்ணில் போய்ப் படும் வழி அதுதான் என்றதும் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவதுதான் அதிகம் விவாதிக்கப்பட்டது: புரோபயாடிக்கை என்ன செய்வது? கேப்சூலை முழுதாக விழுங்கப் பழக்கிவிட்டால் போதுமே என்பது ஒரு கருத்து. நாங்கள் அதை நிறுத்தி வைத்தோம். நோய் கிளர்ந்திருக்கையில் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. அதைவிட முக்கியமான காரணம், அந்த கேப்சூலுக்கு இந்த நோயில் சான்று இல்லை என்பது.

புரோபயாடிக் என்ற பெயரில் விற்கும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இந்த நோயில் நல்ல சான்றுள்ளவை மிகச் சில. அவற்றில் ஒன்று ஈ. கோலை நிஸ்லே 1917. முதல் உலகப்போரின்போது, படைவீரர்கள் பலரும் வயிற்றுக்கடுப்பில் விழுந்த இடத்தில் நோய் தீண்டாமல் இருந்த ஒரு வீரரின் மலத்திலிருந்து ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஆல்ஃபிரட் நிஸ்லே பிரித்தெடுத்த வகை அது. 2004இல் 327 நோயாளிகளிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், அடங்கிய நோய் திரும்பாமல் காப்பதில் அது மெசலமைனுக்கு நிகராக இருந்தது. அது குடலில் கரையும் பூச்சுள்ள கேப்சூல். இன்னொன்று எட்டு வகை பாக்டீரியாக்கள் சேர்ந்த பாக்கெட். அதற்குப் பூச்சே கிடையாது, எண்ணிக்கையை நம்பிய மருந்து. லூதியானா ஆய்வாளர்கள் தலைமையில் 2009இல் வெளியான இந்திய ஆய்வில் 147 பேர் கலந்துகொண்டனர். நாளொன்றுக்கு 3.6 லட்சம் கோடி நுண்ணுயிர்கள் கொடுத்ததில் 12 வாரத்தில் 42.9 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. ஒப்பீட்டுக்காக வெற்று மருந்து பெற்றவர்களில் 15.7 சதவீதம். இவர் வாங்கியது 500 கோடி. வகையும் வேறு. எழுநூறு மடங்குக்கும் மேலான இடைவெளியைப் பூச்சு ஒன்றே ஈடுசெய்யும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

இந்தச் சான்றுகளையும் எல்லோரும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி, அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் இன்னொரு குடல் அழற்சி நோயான க்ரோன் நோயிலும் புரோபயாடிக்கை ஆய்வுகளுக்குள் மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. எங்கள் நிலைப்பாடு அந்த ஆய்வுகளுக்கும் இந்த வழிகாட்டிக்கும் இடையில்: குறிப்பிட்ட வகை, குறிப்பிட்ட அளவு, குறிப்பிட்ட வடிவம் மூன்றும் ஆய்வில் இருந்தபடியே கிடைத்தால், மெசலமைனுக்குத் துணையாக யோசிக்கலாம். அதற்குப் பதிலாக ஒருபோதும் இல்லை.

பழைய சோறு சாப்பிடலாமா என்றும் கேட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோற்றை ஆராயும் முயற்சி எடுக்கப்பட்ட செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உணவாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள், சுத்தமான தண்ணீர் ஊற்றி வையுங்கள், மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றோம்.

மகன் கொண்டுவந்த செய்தி

அடுத்த வருகையில் கல்லூரியில் படிக்கும் மகன் கூட வந்தார். பாக்டீரியாவுக்கே சட்டை போட்டது போலப் பூச்சுப் பூசிக் குடல் அழற்சியைக் குணப்படுத்திவிட்டார்கள் என்ற செய்தியைக் கைப்பேசியில் காட்டி, "சார், அம்மாவுக்கு இது கிடைக்குமா?" என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தத் துறையில் உண்மையிலேயே நல்ல வேலை நடக்கிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2022இல் வெளியிட்ட வேலை அது. நிஸ்லே பாக்டீரியாவின் மேல், குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு படலமும், அழற்சியில் பெருகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உறிஞ்சும் நுண்துகள்களும் சேர்த்திருந்தார்கள். பூச்சு வெறும் காவலாக மட்டும் இல்லாமல் தானே ஒரு மருந்தாகவும் வேலை செய்கிறது என்பதுதான் அதில் புதுமை. இதற்கு முன்பிருந்தே நடக்கும் இன்னொரு வழி ஆல்ஜினேட் மணிகள். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள் அது. மன்னார் வளைகுடாவில் எடுக்கும் பாசியும் அதற்குப் போகிறது. பாக்டீரியா கலந்த ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டால் ஜவ்வரிசி போல மணிகளாக உறையும். தனி ஆல்ஜினேட்டின் துளைகள் வழியே அமிலம் உள்ளே கசிந்துவிடும் என்பதால், இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசானை மேலே இன்னொரு அடுக்காகப் பூசுகிறார்கள். குடலை அடைந்ததும் அங்குள்ள உப்புகள் கால்சியத்தை இழுத்துக்கொள்ள, மணி ஊதிக் கரைந்து பாக்டீரியாவை விடுவிக்கிறது.

ஆனால் அந்த 2022 வேலை எலிகளில் நடந்தது. ரசாயனம் கொடுத்து எலிக்குச் சில நாளில் வரவழைக்கும் அழற்சி, அம்மாவுக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கும் நோயின் முழு உருவம் அல்ல. மனிதரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நோய் தீவிரமாக இருக்கையில் சிலருக்குப் பெருங்குடலுக்குள்ளேயே அமிலத்தன்மை கூடிவிடுகிறது. பிஹெச் 7ஐ எதிர்பார்த்திருக்கும் பூச்சு அப்போது கரையாமல், மாத்திரை முழுதாக மலத்தில் வந்து விழுவதும் நடக்கிறது. எந்த நிலையில் எந்தப் பூச்சு எங்கே திறக்கும் என்பதை மனிதக் குடலில் பார்த்த பிறகே மருந்துக்கடைக்கு வரும். மகனிடம் இதை மறைக்காமல் சொன்னோம். ஏமாற்றம் தெரிந்தது. ஆனால் எனிமாவுக்கு நேரம் தவறாமல் நினைவூட்டும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

தொடர்ந்து நடந்தவை

முதல் வாரத்தின் முடிவில் அவசரம் குறைந்தது. ஸ்டீராய்டுக்குக் குறித்திருந்த தேதியில் இரத்தம் எப்போதாவது கோடு போல வந்தது, அவ்வளவே. ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. இரண்டு மாதத்தில் கால்ப்ரோடெக்டின் 250க்குக் கீழே இறங்கியது. எனிமாவை வாரத்துக்கு இரண்டு இரவுகளாகக் குறைத்தோம். இரும்புச்சத்துக்கு ஊசி போட்டு ஹீமோகுளோபின் ஏறியது. ஐந்தாம் மாதச் சிக்மாய்டோஸ்கோப்பியில் புண்கள் ஆறியிருந்தன, மேயோ 1.

இந்த முன்னேற்றத்தை முழுதாகப் பூச்சின் கணக்கில் எழுத முடியாது. வாய்வழி வடிவத்தை மாற்றியதும் எனிமா தொடங்கியதும் ஒரே நாளில். எனிமா மட்டுமே கூட இதில் பெரும்பங்கைச் செய்திருக்கலாம். நறுக்கிய மாத்திரைதான் மறுதாக்குதலுக்குக் காரணம் என்பது வலுவான ஊகம், மெய்ப்பித்தது அல்ல. மெசலமைன் இவருக்குத் தோற்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

நோய் அடங்கியபின் புரோபயாடிக் பற்றி அவரே மறுபடி கேட்டார். ஆய்வில் இருந்த அந்த எட்டு வகைப் பாக்கெட்டின் மாதச் செலவைச் சொன்னோம். யோசித்துவிட்டு மூன்று மாதம் பார்க்கிறேன் என்றார். ஆய்வில் கொடுத்த முழு அளவு அவர் கைக்கு எட்டாது. பாக்கெட்டுகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, குறைந்த அளவில், குளிர்ந்த தண்ணீரில் கலக்கிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கினோம். பயன் தெரியாவிட்டால் நிறுத்துவது என்று தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம். முதல் சில நாள் வயிறு உப்பியது, பிறகு சரியானது. மூன்று மாத முடிவில் மலத்தின் எண்ணிக்கையிலோ கால்ப்ரோடெக்டினிலோ வித்தியாசம் இல்லை. பேசியபடி நிறுத்தினார். ஏற்கெனவே அடங்கிய நோயில், குறைந்த அளவில் கொடுத்ததால் அந்த மருந்தைப் பற்றி இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

இதன்பின் மாற்றியவை

"தவறாமல் சாப்பிடுகிறீர்களா" என்ற கேள்வியோடு "எப்படிச் சாப்பிடுகிறீர்கள், காட்டுங்கள்" என்பதும் எங்கள் முதல் வருகைப் படிவத்தில் சேர்ந்திருக்கிறது. விழுங்கச் சிரமம் உண்டா என்பதை மருந்து எழுதும் முன்பே கேட்கிறோம். சிரமம் உள்ளவர்களுக்கு மருந்தாளுநர் ஒரு சிறு பயிற்சி தருகிறார். கேப்சூல் தண்ணீரில் மிதக்கும் என்பதால், வாயில் தண்ணீரோடு வைத்துத் தலையை முன்னே குனிந்து விழுங்கினால் சுலபமாக இறங்கும். அண்ணாந்து விழுங்குவதுதான் பலருக்கும் பழக்கம். அப்படியும் முடியாதவர்களுக்கு ஆரம்பத்திலேயே சிறுமணி வடிவம்.

பூச்சுள்ள எந்த மருந்தின் உறையிலும் இப்போது தமிழில் ஒரு வரி ஒட்டப்படுகிறது: "உடைக்காமல், மெல்லாமல், திறக்காமல் முழுதாக விழுங்கவும்." எங்கள் மருந்தகத்தில் வாங்குபவர்களுக்கு மட்டுமே இது போய்ச்சேர்கிறது. வெளிக்கடைகளில் வாங்குபவர்களுக்காக அதே வரியை மருந்துச் சீட்டிலும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அதைப் படிக்க முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கு இன்னும் வழி காணவில்லை. நறுக்கிய மாத்திரையின் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு போட்ட படம் ஒன்றை வரையச் சொல்லியிருக்கிறோம்.